கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா?



சற்றுமுன் பிரார்த்தனைக்குக் கண்ணை மூடி நின்றபோது முன்கதிரையைப் பிடித்துக்கொண்டவர்கள் சிலர் இருப்பீர்கள். முகம் கழுவும்போது சவர்க்காரத்துக்காகக் கண்ணை மூடியதும் ஒரு பக்கம் சாய்கிறவர்களும் இருப்பீர்கள். "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். நீரிழிவு உள்ளவர்களிடம் பல வேளைகளில் அது வயதின் குறையல்ல, பாதத்தின் குறை.

நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு ஆகிய மூன்றும் வேண்டும். நீரிழிவு மிக நீளமான நரம்புகளையே முதலில் தாக்குவதால் விறைப்பு கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறும். பாதம் செய்தி அனுப்பாதபோது அதன் வேலையையும் கண் பார்க்கிறது. ஆகவே பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கைப் போடாமல் கழிவறைக்குப் போகும்போதுதான் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறோம். எரிவும் குத்தலும் இருந்தால் வைத்தியரிடம் ஓடுவோம். வெறும் விறைப்பு நோகாது, எனவே யாரும் முறையிடுவதுமில்லை. செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்தவர்களைக் கிளினிக்கில் கண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தின் இப்சுவிச் நகரில் உருவான ஒரு சோதனைக்கு உங்கள் விரல்நுனியே போதும். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஓரிரு செக்கன் மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. 6 தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். நெடுங்காலம் மெற்போமின் எடுப்பவரென்றால் விற்றமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் கால் விறைக்கும். அதற்கு மருந்து உண்டு.

நீரிழிவால் இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்பாது. ஆனால் சமநிலையைப் பழக்கலாம். சமையலறை மேடையைப் பிடித்தபடி குதிகளை உயர்த்தி இறக்குங்கள். அருகில் ஒருவர் நிற்கட்டும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். மின்கட்டணத்தைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள், முறிவுக்கான செலவு எனக்குத் தெரியும். கோயில் வீதியில் நண்பகல் மணலில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். குளிர்நாடுகளில் இருப்போர் விறைத்த பாதத்தில் சுடுநீர்ப்பை வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

தேநீர் இடைவேளையில் பின்வாசல் அருகே இருப்பேன். பார்க்க விரும்புவோர் வாருங்கள், செருப்பைக் கழற்ற வெட்கப்பட வேண்டாம்.