முதலாளியின் தலைக்குள் இருக்கும் கடை



கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி என்றாலே பலருக்கும் பொறியியல் கல்லூரிதான் நினைவுக்கு வரும். 2020 முதல் அது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கல்லூரி இருக்கும் ஊரில் ஜெராக்ஸ் கடை, மெஸ், டீக்கடை, தையல் கடை எல்லாம் இருக்கும். கடற்கரைப் பக்கம் மீனவர் குடியிருப்பு. அங்கே ஒவ்வொரு ஃபைபர் போட்டும் ஒரு தொழில்தான்; டீசல், ஐஸ், வலை, எஞ்சின் ரிப்பேர், பங்கு என்று அதற்கும் கணக்கு வழக்கு உண்டு.

இத்தனை தொழில்களின் தகவலும் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் முதலாளியின் தலைக்குள். எந்தப் பையன் மெஸ்ஸுக்கு எத்தனை மாத பாக்கி, எந்த மொத்தக் கடையில் அரிசிக்கு எவ்வளவு சொன்னார்கள், ஐஸ்காரருக்குக் கொடுக்க வேண்டியது என்ன, எல்லாம் அவருக்கு மட்டும் தெரியும். அவர் காய்ச்சலில் படுத்தால் கடையும் படுத்துவிடுகிறது. கல்லாவில் வந்து உட்காரும் மனைவியோ மகளோ வாடிக்கையாளர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இதே புதுச்சேரியில், தகவலின் அருமை தெரிந்த ஒரு வியாபாரி இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் வியாபாரி என்பதை மறந்துவிடுகிறோம். துணி வியாபாரமும் பாக்கு வியாபாரமும் செய்தவர், கப்பல் வைத்திருந்தவர். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, அவர் இறந்த 1761 ஜனவரி வரை நீள்கிறது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யாரிடமிருந்து கடிதம் வந்தது, கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார்.

அதில் ஒரு பழக்கத்தை இன்றைய கடைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒரு சேதி காதில் விழுந்தால், அதை யார் வந்து சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுகிறார். தேதியும் கிழமையும் இருக்கின்றன. சொன்ன ஆளும் இருக்கிறார். பிறகு பேச்சு மாறினால் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குப் பிறகும் அந்தக் குடும்பத்தில் எழுத்து நிற்கவில்லை. ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளையின் நாட்குறிப்பு 1761இலிருந்து தொடர்கிறது.

இன்று நம்மிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை. சிதறிக் கிடப்பதுதான் தொல்லை. ஆர்டர் வாட்ஸ்அப்பில், பணம் வந்தது ஜிபேயில், பில் புத்தகம் மேசையில், சரக்குக் கணக்கு பையனின் செல்போனில், ஜிஎஸ்டி விவரம் ஆடிட்டரிடம். போன் தண்ணீரில் விழுந்தால் அதில் ஒரு பகுதி போயே போச்சு. அதனால் அன்றன்று இரவு, கடை சாத்துவதற்கு முன், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். நாற்பது பக்க நோட்டானாலும் சரி, டேலி ஆனாலும் சரி. வீட்டில் இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள் கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

எழுதி வைப்பதற்குக் காசு மதிப்பு உண்டு. ஒரு தையல் யூனிட் பெரிய கம்பெனிக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் மாதக்கணக்கில் இழுக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் இங்கே கைகொடுக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களும் சேவை தருபவர்களும் இதைக் கேட்கலாம்.

ஆனால் நாள் எண்ணத் தொடங்குவது எப்போது? சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லவில்லையென்றால், சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிறது. அந்த நாளை எதைக் காட்டி நிரூபிப்பது? கையெழுத்தும் தேதியும் உள்ள டெலிவரி சலானைக் காட்டித்தான். சலானை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்தவருக்குச் சட்டம் எவ்வளவு பலமாக இருந்தாலும் வாதாடுவது கஷ்டம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளுக்கு மாணவர்கள் ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கி பாஸ்புக் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிறார்கள். வேலை முடிந்த பிறகும் அந்த ஃபைல்கள் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அடுத்து வருகிற யாரும் திறந்து பார்க்கலாம். ஒரு பெண்ணின் முகவரியும் போன் நம்பரும் புகைப்படமும் அப்படித் திறந்து கிடப்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. தனிநபர் தரவைக் காக்கவென்றே 2023இல் சட்டம் வந்திருக்கிறது. அபராதத்துக்குப் பயந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. நம்மை நம்பிக் கொடுத்த பொருள் அது.

பற்று வரவுக் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரிந்த அதே கடைக்காரருக்கு, எதை வைத்திருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரிண்ட் எடுத்ததும் ஃபைலை அழியுங்கள்; ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். மாணவர் தன் வாட்ஸ்அப்பைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால், அவர் கிளம்புவதற்கு முன் லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள். சரியாக வராமல் ஒதுக்கிப் போட்ட ஆதார் நகலைக் கிழித்துப் போடுங்கள். அதைப் பொட்டலம் மடிக்கிற காகிதக் கட்டோடு எடைக்குப் போடாதீர்கள்.