வெங்காயம் அரிதல்

வன்னியில் அருவி வெட்டு ஆட்களின் கையால் நடந்த காலத்தில், கமக்காரர் வீட்டு அடுக்களைக்கு ஓய்வு கிடையாது. இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வயலுக்குள் இயந்திரம் இறங்கிவிட்டது. ஆயினும் கலியாண வீட்டிலும் அந்தியேட்டி வீட்டிலும் கிடாரத்திற் சமைப்போர் முன்னே சின்ன வெங்காயம் இன்னும் கடகம் கடகமாகவே வந்து இறங்குகின்றது.

அங்கே விரலை வெட்டுவது பெரும்பாலும் கூரிய கத்தியன்று, மழுங்கிய கத்தியே. கூர் கெட்டதனை அழுத்த வேண்டும். அழுத்தினால் வழுவழுத்த தோலிற் சறுக்கி அலகு விரலை நாடும். விரல் வெட்டுண்டவர் உப்பும் மிளகாய்த்தூளும் அளையும் வேலைக்கு அன்று உதவார். மறுநாள் வயற்சேற்றில் இறங்கவும் அஞ்சுவார். கண்ணீருக்கும் அந்த மழுக்கத்தில் பங்குண்டு. மழுங்கிய அலகு வெங்காயத்தின் கலங்களை நசுக்க, உள்ளிருக்கும் நொதியங்கள் கலந்து கண்ணைக் கரிக்கும் ஆவியைப் பிறப்பிக்கின்றன. அவற்றுள் அதுவரை அறியப்படாதிருந்த ஒன்றை யப்பானிய ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கண் மறைந்தபின் கை எங்கே போகும்?

ஆகவே முதல் வேலை தீட்டுகல்லில் ஆகட்டும். தோல் கழற்றுவதற்காக நீரில் ஊறவிட்ட வெங்காயத்தை ஈரம் போகத் துடைத்து, நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து, வெட்டுமுகம் பலகையிற் படியக் கவிழ்த்துக்கொள்க. உருளாத வெங்காயத்தால் பாதி ஆபத்து நீங்கும். வேர்ப்பக்கத்தைக் கடைசிவரை வெட்டாது விடுக. இதழ்களைப் பிடித்திருப்பது அதுவே. பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருக்க, விரற்கணுவை ஒட்டி அலகு இறங்கட்டும்.

ஒரே தடிப்பு எதற்கு என்பாரும் உளர். காய்ந்த எண்ணெயில் மெல்லியது கருகும்போது தடித்தது பச்சையாகவே கிடக்கும். கருகியதன் கசப்போ கிடாரம் முழுவதும் பரவும். உரலில் இடிக்கும் சம்பலுக்கு மட்டும் இந்தக் கவலை வேண்டியதில்லை.