குழந்தைகளும் சமூகப் பாடமும்
(காடாம்புலியூர்ச் சொற்பொழிவு)



ஆரம்பப் பள்ளியில் சமூகப் பாடம் என்பது ராஜாக்கள் பேரையும் ஆறுகளின் பேரையும் நெட்டுருப் போடுவதற்கென்றே ஏற்பட்டது என்று நம்மில் அநேகர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அப்பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்பதற்கும் உலகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது என்றால் சிலருக்குச் சிரிப்புக்கூட வரலாம்.

அமெரிக்காவில் பால் ஹன்னா என்கின்ற கல்வி அறிஞர், குழந்தைக்கு முதலில் வீடு, பிறகு தெரு, பிறகு ஊர், அப்புறந்தான் நாடும் உலகமும் என்று படிப்படியாய்ச் சொல்ல வேண்டுமென்றார். நமது புத்தகங்களும் பெரும்பாலும் அந்த வழியிலேயே போகின்றன. 1980-களில் கீரன் ஈகன் என்பவர் இதை மறுத்தார். பக்கத்திலிருப்பதுதான் புரியுமென்றால், கண்ணால் காணாத பூதத்தின் கதையைக் குழந்தை வாய் பிளந்து கேட்பதெப்படி என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

நம்மைக் கேட்டால், பக்கத்திலிருப்பதைச் சொல்வதில் குற்றமில்லை. அதை மறைத்துச் சொல்வதில்தான் குற்றமிருக்கிறது. "நமக்கு உதவுபவர்கள்" என்று தலைப்பிட்டு, துணி வெளுப்பவர், குப்பை அள்ளுபவர் என்று படம் போட்டுவிட்டால் ஆயிற்றா? அந்த வேலைக்கு ஏன் குறிப்பிட்ட ஜாதியாரே போக வேண்டும்? அவர் பிள்ளையும் அதே வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறது, அது யாருக்கு உதவப் பிறந்தது? இந்தப் பக்கத்தில் முந்திரி உடைத்து, தோட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோன தாய்மார்கள் எத்தனை பேர்! கொட்டை என்ன விலை, கூலி என்ன, லாபம் யாருக்கு, ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஏன் இத்தனை இடைவெளி என்று பிள்ளைகளே விசாரித்து எழுதி வந்தால் அதுவல்லவா சமூகப் பாடம்!

இது நடவாத காரியமல்ல. மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா என்னும் ஸ்தாபனத்தார் 1980-களில் ஆரம்பித்து, சில நடுநிலைப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை ஏறக்குறைய இம்மாதிரிப் புத்தகங்களை வைத்து நடத்தினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்த்தே பதில் எழுதலாம். 2002-ல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலும், ஜெரோம் புரூனர் முதலியோர் 1960-களில் 10 வயதுப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த, மனிதன் எதனால் மனிதனாயிருக்கிறான் என்று கேட்கும் பாடம் 1975-ல் அவர்களுடைய சட்டசபை வரை சண்டைக்கு வந்தது. கணக்குப் புத்தகத்தின் மேல் எவருக்காவது இவ்வளவு ஆத்திரம் வந்ததுண்டா?

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் சுவரும் கூரையும் பேசி முடிந்த பிறகாவது, இந்த வருஷம் பிள்ளைகள் ஊரில் எதை விசாரித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.