நாளும் சில வரிகள், ஆண்டவர் முன்னிலையில்

(பொன்விழாவிற்கு ஆயத்தமாக நம் ஆலயத்தில் நடைபெற்ற மூன்று நாள் தியானத்தில், இரண்டாம் நாள் மாலை பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா மலருக்காகப் பங்கின் வரலாற்றை எழுத வேண்டுமென்று, கடந்த சில வாரங்களாகக் குருமனை அலமாரியிலுள்ள பழைய பதிவேடுகளைப் புரட்டி வருகிறோம். ஞானஸ்நானப் புத்தகம், திருமணப் புத்தகம், அடக்கப் புத்தகம் எல்லாம் செம்மையாகவே உள்ளன. 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைப் பங்குக் குருமாரின் கடமையாக்கியது. அன்று தொட்டு வரும் ஒழுங்கின் பயன் இது. பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானத் தாய் தந்தையர், தேதி, குருவானவரின் கையொப்பம், எதற்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்காக அதன் தாய் எத்தனை நாள் முழந்தாளிட்டாள், ஞானஸ்நான வெள்ளைத் துணியை யாரிடம் கடன்பட்டு வாங்கினாள் என்பது எந்தப் பத்தியிலும் இல்லை. இவ்வாலயத்திற்குத் தலையில் மணல் சுமந்த பெண்களின் பெயர்கூட ஏட்டில் இல்லை. நன்கொடையாளர் பெயர் மட்டும் கல்லில் இருக்கிறது.

பதிவேட்டைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. அதன் வேலை அவ்வளவுதான். மீதியை எழுத வேண்டியவர்கள் நீங்கள். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நாள்தோறும் ஆண்டவர் முன்னிலையில் சில வரிகள் எழுதும் வழக்கத்தைப் பற்றியே இன்று மாலை பேச விரும்புகிறோம்.

“சாமி, டைரி எழுதுவது படித்தவர்கள் வேலையல்லவா?” என்பீர்கள். டைரி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் நகைக்கடைக்காரர் கொடுக்கிறார். பொங்கல் வரை இரண்டு பக்கம் எழுதுகிறோம். பிறகு அது பால் கணக்கு நோட்டாகிவிடுகிறது. அதிலும் தவறில்லை. நம் தமிழிலேயே புகழ்பெற்ற நாட்குறிப்பு புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. 1736 முதல் 1761 வரை எழுதினார். துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷ் அவர். நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். வந்த கப்பல், சரக்கு விலை, ஊர்ப் பேச்சு, நல்ல சகுனம், கெட்ட சகுனம் எல்லாம் ஒரே ஏட்டில் கலந்து கிடக்கின்றன. 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியுள்ள பக்கங்களைக் கிறிஸ்தவர்களாகிய நாம் வெட்கத்தோடுதான் வாசிக்க முடியும். அன்றைக்கன்றே எழுதி வைத்ததனால் அதை இன்று யாரும் மறைக்க இயலவில்லை. ஆகவே பால் கணக்கையும் சீட்டுப் பணத்தையும் நோட்டிலிருந்து துரத்திவிடாதீர்கள். கடன் தொல்லையைச் சொல்லாமல் செபிப்பவன் பாதி மனத்தோடுதான் செபிக்கிறான்.

ஆனால் ஆன்ம நாட்குறிப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதை யாருக்கு எழுதுகிறோம் என்பதே அது. புனித அகுஸ்தீனார் 397-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய நூலில், தம் வாழ்க்கையை ஊராருக்குக் கதையாகச் சொல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை இறைவனை நோக்கியே பேசுகிறார். நாமும் அப்படியே எழுத வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நம்மில் பலருக்குப் பேனாவைப் பிடித்தவுடன் செபப் புத்தகத்தின் நடை வந்துவிடுகிறது. ‘பாவியாகிய அடியேன் தேவரீருடைய திருப்பாதத்தில்’ என்று தொடங்கி அரைப் பக்கம் போனாலும், அன்று என்ன நடந்தது என்பது ஆண்டவருக்கும் விளங்காது, நமக்கும் விளங்காது. ‘இன்று நாத்தனாரின் புதுச் சங்கிலியைப் பார்த்து வயிறு எரிந்தது’ என்று எழுதுங்கள். அது செபம்.

புனித இஞ்ஞாசியாரை எடுத்துக்கொள்வோம். 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலூனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் படுத்துக் கிடந்தார். பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துநாதரின் சரித்திரமும் புனிதர் வரலாறுகளுமே இருந்தன. வாசிக்க வாசிக்க ஒன்றைக் கவனித்தார். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை எண்ணும்போது அந்நேரத்திற்கு இனித்தது, பின்பு மனம் வறண்டது. புனிதர்களைப் போல் நடப்பதை எண்ணியபோதோ, எண்ணம் போன பின்னும் மகிழ்ச்சி தங்கி நின்றது. மனத்தில் பின்னால் தங்கும் சுவையை வைத்து ஒரு நினைவு எங்கிருந்து வந்தது என்று அறியும் கலை அங்குதான் அவருக்குப் பிடிபட்டது. அப்படுக்கையிலேயே ஒரு நோட்டுப் போட்டார். ஏறத்தாழ 300 பக்கம். ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும், தேவமாதாவின் சொற்களை நீல மையிலும் எழுதினார். போர்வீரர் வண்ண மையில் எழுதினார் என்றால், நம் பிள்ளைகள் நோட்டில் படம் வரைவதைப் பார்த்து நாம் ஏன் சிரிக்க வேண்டும்?

பிற்காலத்தில் உரோமையில் அவர் எழுதிய ஆன்மக் குறிப்பேட்டில் 1544 பிப்ரவரி 2 முதல் 1545 பிப்ரவரி 27 வரையிலான பகுதி நமக்குக் கிடைத்துள்ளது. தம் சபைக் கோவில்களுக்கு நிலையான வருமானம் வேண்டுமா, முழு வறுமை வேண்டுமா என்ற கேள்வியோடு நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றி, உள்ளத்தில் நடந்ததைக் குறித்தார். முதற்பகுதியில் விரிவாக எழுதியவர், பிறகு கண்ணீர் வந்ததா இல்லையா என்பதற்கு வெறும் அடையாளம் மட்டும் இடுகிறார். ஆகவே ஒரு நாள் ஒரே ஒரு சொல்தான் எழுத முடிந்தது என்றால் கலங்க வேண்டாம்.

நேரமில்லை என்னும் தாய்மார்களுக்குக் குழந்தை தெரேசம்மாளைக் காட்டுவோம். 1895-இல் மடத்துத் தலைவியின் கட்டளைப்படி, மாலையில் கிடைத்த சிறு ஓய்வில், சாதாரணப் பள்ளிக்கூட நோட்டில் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். 1897-இல் காசநோயால் நலிந்து தோட்டத்தில் அமர்ந்து எழுதும்போது, கன்னியர் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பதால் பத்து வரிகூடத் தடையின்றி எழுத முடியவில்லை என்பதையும் நகைச்சுவையோடு அந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கங்களில் பேனா பிடிக்க வலுவின்றிப் பென்சிலால் எழுதினார். அடுக்களையில் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு வரி எழுதும் தாய்க்கு அவரை விடச் சிறந்த பாதுகாவலி யார்?

இனி, இவ்வழக்கத்தின் உயிர்நாடிக்கு வருவோம். எழுதுவது பாதி வேலைதான். திரும்பிப் படிப்பதே மறுபாதி. மோயீசன் ஆண்டவரின் மகிமையைக் காண ஆசைப்பட்டபோது, முகத்தைக் காண முடியாது, கடந்து சென்ற பின் பின்புறத்தைக் காணலாம் என்றே அவருக்கு விடை கிடைத்ததாக யாத்திராகமம் 33-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் நிலையும் அதுவே. நடக்கும்போது தெரிவதில்லை.

முன்னர் நாம் பணிபுரிந்த ஒரு பங்கில் ஒரு தாய், பத்தொன்பது வயது மகனைச் சாலை விபத்தில் இழந்தார். அவர் அனுமதியோடு இதைச் சொல்கிறோம். “சாமி, இனிமேல் நான் கோவிலுக்கு வரமாட்டேன். அவரோடு எனக்குப் பேச்சில்லை” என்றார். வாதாடி வெல்லக்கூடிய இடமா அது? “வர வேண்டாம் அம்மா. பேச்சில்லை என்பதையே அவருக்கு எழுதுங்கள்” என்று சொல்லி, மகன் மீதி வைத்துப்போன நோட்டு ஒன்றில் எழுதச் சொன்னோம். பல வாரங்கள் தேதியும், அதன் கீழ் ‘ஏன்?’ என்ற ஒரு சொல்லும்தான். பிறகு கோபமான வரிகள். சங்கீதங்கள் 150-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளே என்பதை அறிந்தவர்கள் அவ்வரிகளைக் கண்டு திடுக்கிட மாட்டார்கள். இடையிடையே, சாப்பிட்டேன், சாப்பிடவில்லை என்று வீட்டுக் குறிப்புகள்.

ஆண்டுத் திருப்பலிக்கு முந்திய இரவு அவர் அந்த நோட்டை முதலிலிருந்து படித்தார். ‘பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தது’ என்று ஒரு வரி. மூன்று நாள் கழித்து மறுபடியும். எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு மேல். வேலித் தகராறில் ஏழு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தையற்ற வீடு அது. கஞ்சியை வாங்கிக் குடித்தவரும் அவரே, எழுதியவரும் அவரே. ஆனால் யார் வீட்டுக் கஞ்சி என்பது படிக்கும்போதுதான் உறைத்தது. விடிந்ததும் வேலியைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். மகன் திரும்பி வரவில்லை. ‘ஏன்’ என்ற கேள்விக்கும் இன்றுவரை விடையில்லை என்றே அவர் சொல்கிறார். திருப்பலிக்கு மட்டும் வருகிறார், அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளோடு.

தேவமாதாவும் நிகழ்ந்தவற்றை உள்ளத்தில் வைத்துச் சிந்தித்து வந்தார்கள் என்று லூக்காஸ் ஒரே அதிகாரத்தில் இருமுறை சொல்வது வீணுக்கல்ல. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நற்கருணை ஆராதனையின்போது, அம்மாதத்துப் பக்கங்களை அமைதியாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே குற்றம் மறுபடி மறுபடி வருகிறதே என்று சோர்ந்துபோக வேண்டாம். பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1895-இல், தம் 14-ஆம் வயதில், பெர்கமோ குருமடத்தில் எழுதத் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1964-இல், அக்குறிப்புகள் நூலாக வந்தன. 2014-இல் திருச்சபை புனிதராக அறிவித்த அவரே, அளவுக்கு மீறிப் பேசுகிறேனே என்று இளமையில் தம்மைக் கடிந்துகொள்கிறார். ஒன்று சொல்ல வேண்டும். எதிலும் பாவத்தையே காணும் கலங்கிய மனச்சாட்சி உள்ளவர்கள் இரவில் குற்றக் கணக்கு எழுதக்கூடாது. அவர்கள் நன்றி கூறவேண்டியதை மட்டும் எழுதட்டும், நம்மிடமும் வந்து பேசட்டும். நோட்டு பாவசங்கீர்த்தனத்துக்கு ஈடாகாது. அயலாரின் பாவத்தை எழுதி வைக்கும் இடமும் அதுவல்ல.

எழுத்தறியாத பாட்டிமார் பேத்தியிடம் சொல்லி எழுதட்டும். பேத்திக்கு அதுவே மறைக்கல்வி. குருத்தோலைத் துண்டு, வேளாங்கண்ணிக்குப் போய்வந்த பஸ் டிக்கெட், இறந்தோர் நினைவுப் படம், எதையும் ஒட்டலாம். பாட்டுக் கட்ட வருமானால் கட்டலாம். யாப்புச் சரியில்லை என்று ஆண்டவர் திருப்பி அனுப்பமாட்டார். கைப்பேசியில் எழுதலாமா என்று இளைஞர் சபையில் கேட்டார்கள். எழுதலாம். ஆனால் நடுவில் மணியடிக்கும் பொருளின் முன் எவ்வளவு நேரம் அமைதியாக இருப்பீர்கள்?

கடைசியாக, குடும்பத் தலைவர்களுக்கும் மாமியார்மாருக்கும் ஒரு கண்டிப்பான வார்த்தை. மற்றவர் நோட்டைத் திறக்காதீர்கள். மனைவியுடையதாயினும், மகளுடையதாயினும் திறக்காதீர்கள். இஞ்ஞாசியார் தம்மிடமிருந்த குறிப்புக் கட்டைக் காட்டி, அதிலிருந்து சிறிது வாசித்தும் காட்டிய பிறகு, சற்று நேரம் கையில் தாருங்கள் என்று கேட்ட குருவானவருக்கு மறுத்துவிட்டார். புனிதருக்கே அந்த உரிமை தேவைப்பட்டதென்றால், ஒரே அறையில் ஆறுபேர் படுத்துறங்கும் வீட்டிலுள்ள பெண்ணுக்கு அது இன்னும் தேவை. பூட்டும் பெட்டி இல்லாத வீட்டில், திறக்காத கைகளே பூட்டு. ஒரு நோட்டு திருட்டுத்தனமாக வாசிக்கப்பட்டால், அந்தப் பெண் அதன்பின் பொய்தான் எழுதுவாள், அல்லது எழுதவே மாட்டாள்.

விழாத் திருப்பலி முடிந்தபின், வின்சென்ட் தே பவுல் சபையார் வாங்கி வைத்துள்ள நாற்பது பக்க நோட்டுகளைப் பீடச்சிறுவர்கள் ஆலய முகப்பில் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று. பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. யாரும் திரும்பக் கேட்கவும் மாட்டோம். பேனா மட்டும் உங்களுடையது.