ஒத்தத் தூண் லிஃப்ட் வாங்கப் போறீங்களா?

(ஆண்டிமடத்தில் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜெயங்கொண்டம் – விருத்தாசலம் ரோட்டு ஓரமா ஒரு வாட்டர் சர்வீஸ் வைக்கலாமான்னு நம்ம குழுவில் பேச்சு வந்திருக்கு. நல்ல யோசனைதான். ஆனா பேச்சு நேரா "லிஃப்ட் என்ன விலை?" என்ற இடத்துக்குப் போயிடுச்சு. விலை கடைசியாக் கேட்க வேண்டியது. அந்தக் கடனுக்குத் தவணை கட்டப் போறது குழு முழுக்கத்தானே!

ஒத்தத் தூண் லிஃப்ட் ரெண்டு விதம். ஒண்ணு, தரைக்குள்ளே புதைக்கிறது. கார் கழுவுற இடத்தில் வண்டிக்கு நடு வயிற்றில் ஒரே தூண் எழும்பி நிற்கும், பார்த்திருப்பீங்க. 1925-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லூனாட்டி கொண்டுவந்த முறை இது. முடி வெட்டுற கடையில் நாற்காலி ஏறி இறங்குறதைப் பார்த்து அவருக்குத் தோணினதாச் சொல்வாங்க.

வேலை செய்யிற விதம் எளிது. கம்ப்ரசர் காற்று எண்ணெயை அழுத்தும், எண்ணெய் தூணைத் தள்ளும். தூணின் குறுக்களவு 25 செ.மீ., அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 10 கிலோ என்று வைங்க. 4,900 கிலோ வரை தாங்குற பலம் வரும். அழுத்தம் பாதியானா பலமும் பாதி. அதனால சின்ன கம்ப்ரசரை மலிவா வாங்கி மாட்டினா லிஃப்ட் பெயருக்கு நாலு டன், உண்மையில் ரெண்டு டன்கூட வராது. தூக்குற மேடையின் எடையும் இதில் கழியும். நம்ம ஊருக்கு வர்ற பொலீரோ காலியாவே சுமார் 1,600 கிலோ. முந்திரி மூட்டையோட வர்ற வண்டியை அப்படியே ஏத்தக் கூடாது.

ரெண்டாவது விதம், தரைக்கு மேலே பக்கத்தில் தூண் நிற்கும், கைகள் நீண்டு வண்டியைத் தாங்கும். குடத்தை ஒரு இடுப்பில் வைச்சா உடம்பு மறுபக்கம் சாயுதே, அதே கதைதான். வண்டியின் பாரம் முழுக்கத் தூணை ஒரு பக்கமா இழுக்கும். போல்ட் இறங்கின கான்கிரீட்தான் அதைப் பிடிச்சு நிறுத்துது. கம்பெனி எழுத்தில் கொடுக்கிற கனமும் தரமும் இல்லாத பழைய கடைத் தரையில் இதை நிறுத்த வேண்டாம். கொத்தனார் "தாங்கும்மா" என்று சொல்றது போதாது.

அடுத்தது மண். நம்ம செம்மண் காட்டுப் பக்கம் குழி தோண்டினா ஓரளவு நிற்கும். அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். அதில் தூண் லேசா சாய்ஞ்சாலும் சீல் தேய்ஞ்சு எண்ணெய் கசியும். ஏரி ஓரமா இருந்தா இன்னொரு தொல்லை, குழியில் ஊற்று நீர் நின்று இரும்பு துருப்பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் அந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஊறுது என்று பக்கத்துக் கிணற்றுக்காரரைக் கேளுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இடம் வாடகைன்னா புதைக்காதீங்க. ஆள் ஆழத்துக்கு மேல தோண்டி, கான்கிரீட் போட்டு இறக்கினதை, ரெண்டு வருஷத்தில் காலி பண்ணச் சொன்னா எடுத்துக்கிட்டா போக முடியும்? தோண்டின கூலி, கான்கிரீட் எல்லாம் இடத்துக்காரருக்குப் போயிடும், கடன் நம்ம தலையில் இருக்கும். நீண்ட காலக் குத்தகை பத்திரம் பதிவு பண்ணாம குழிவெட்டவே சம்மதிக்காதீங்க. அது கிடைக்கலைன்னா கான்கிரீட் சாய்தளம் கட்டி வண்டியை ஏத்திக் கழுவலாம், செலவு குறைவு. வர்றதில் முக்கால்வாசி பைக்தான்னா தூணே வேண்டாம். சின்ன பைக் லிஃப்ட் மேடை போதும். நான் கேட்ட வரைக்கும் உங்க ஊர்க் கணக்கு அப்படித்தான் தெரியுது. ஒரு வாரம் ரோட்டோரம் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை போகுதுன்னு நோட்டில் எழுதுங்க.

வாங்குறதுன்னு முடிவானா, அந்த விற்பனையாளர் போட்டுக் கொடுத்த லிஃப்ட் ஓடுற ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் போய்ப் பாருங்க. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு மணி நேரம் காத்திருங்க. மேடை இறங்கியிருந்தா கசிவு இருக்குன்னு அர்த்தம். எண்ணெய் போனாலும் வண்டி விழாம நிறுத்துற இரும்புப் பூட்டோ தாங்குகாலோ இருக்கா, அதை உங்க கையால போட்டு எடுக்க முடியுதான்னு பாருங்க. அது இல்லாத லிஃப்ட் இலவசமாக் கிடைச்சாலும் வேண்டாம், அடியில் நிற்கப் போறது நம்ம பிள்ளைங்க. கரண்டு போனா எப்படி இறக்குவீங்கன்னும் கேளுங்க.

ஈரத் தரை, மோட்டார், வெறுங்கால், மூணும் சேர்ந்த இடம் இது. எர்த் சரியா இருக்கணும், கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கர் வைக்கணும். விவசாய இலவச மின்சாரத்தில் இழுக்கக் கூடாது, வணிக இணைப்புதான் வாங்கணும். எண்ணெய் கலந்த கழுவு நீர் ஏரிக்குப் போகாம தொட்டியில் தேக்கணும்.

மூணு கொட்டேஷன் வாங்குங்க. லிஃப்ட், கம்ப்ரசர், குழி வேலை, ஜிஎஸ்டி, பொருத்துற கூலி, சீல் மாத்துற செலவு எல்லாம் தனித்தனியா எழுதி வாங்கிக்கிட்டு, வண்டி எண்ணின நோட்டோட அடுத்த கூட்டத்துக்கு வாங்க, உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.