வாடிக்கைப் பேரேடு: சிறு வணிகர் மென்பொருள் தேருமாறு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் கடைக்குரிய கருவியைப் பற்றிப் பேசப் புகுந்தது என்னையோ என்று தங்களிற் சிலர் ஐயுறலாம். கடைகளில் நேரும் இடர்களிற் பல, எழுதாமையாலும் எழுதியதை ஒழுங்குபட வையாமையாலும் விளைவன. எழுதுதலும் எழுதியதை முறைப்படுத்தலும் என் தொழிலைச் சார்ந்தவை. ஆதலின், சங்கத்தார் பணித்த இப்பொருளை மறாது ஏற்றுக்கொண்டேன்.

சிறு வணிகர் தமக்கேற்ற சி.ஆர்.எம். மென்பொருளை எங்ஙனம் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பொருள். கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மெண்ட் என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. வாடிக்கைக்காரரோடு கொண்ட தொடர்பைப் பேணுதல் என்பது கருத்து. பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. வந்தவர் யார், எதனைக் கேட்டார், நாம் என்ன விலை கூறினோம், அடுத்து அவரை என்று காணவேண்டும், வாங்கிய பின் என்ன குறை நேர்ந்தது, அதனை யார் தீர்த்தார் என்னும் இவற்றையெல்லாம் ஓரிடத்தே எழுதிவைத்து, உரிய நாளில் நினைவூட்டும் பேரேடே அது. வரவு செலவுப் பேரேடு பணத்தின் வரலாற்றைக் கூறும். வாடிக்கைப் பேரேடு மனிதரோடு நாம் பேசிய பேச்சின் வரலாற்றைக் கூறும். டேலி முதலிய கணக்கு மென்பொருள் வைத்திருப்போர், இதுவும் தம்மிடம் உளதென்று கருதிவிடலாகாது. விற்பனையான பின்னரே கணக்குப் பிறக்கின்றது. கேட்டுவிட்டுச் சென்றவர் பெயர் கணக்கில் ஏறுவதில்லை.

இதன் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை விற்றும் பழுது பார்த்தும் வரும் கடை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். முதலாளி ஒருவர், விற்பனையாளர் இருவர், பழுது பார்ப்பவர் ஒருவர், கணக்கெழுதுபவர் ஒருவர், ஆக ஐவர். கேட்போர் நேரிலும் வருவர், தொலைபேசியிலும் அழைப்பர், வாட்ஸப்பிலும் எழுதுவர். காலையில் ஒருவர் ஒரு விலை கூற, மாலையில் மற்றொருவர் வேறு விலை கூறுகின்றார். ‘கிணறு தோண்டி முடியட்டும், பத்து நாள் கழித்து வருகின்றேன்’ என்று சொல்லிப்போன உழவரைப் பத்தாம் நாள் அழைப்பார் ஒருவருமிலர். காயில் எரிந்து வந்த மோட்டார் உத்தரவாதக் காலத்துக்குள் அடங்குமோ என்று பார்க்கப் பழைய பில் கட்டுகளைப் புரட்டவேண்டியிருக்கிறது. பயிர் வாட, உழவர் வாயிலில் காத்து நிற்கின்றார். விற்பனையாளருள் ஒருவர் வேறு கடைக்குச் சென்றுவிட்டாலோ, அவர் கைப்பேசியோடு ஐந்தாண்டு வாடிக்கையும் சென்றுவிடுகின்றது. அதற்காக அவரைப் பழித்தல் முறையாகாது. எழுதுதற்கு இடங்கொடாமல், அவர் நெஞ்சையும் கைப்பேசியையுமே கடையின் ஏடாக வைத்திருந்தவர் முதலாளியே.

முன்னாளில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கடை நடத்தியபோது, ஏஜெண்டுகளைப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் அனுப்பினர். தவணை முடிந்தவர் ஊர் திரும்ப, வேறொருவர் பொறுப்பேற்பார். ஆள் மாறியும் தொழில் நின்றிலது. கணக்கேடுகள் கடைக்கு உரியனவாய் இருந்தமையே அதற்குப் பெருங்காரணம். ஆள் போகலாம்; ஏடு கடையில் இருத்தல் வேண்டும். இதுவே யான் இன்று வற்புறுத்த வந்த கருத்து. மென்பொருள் தேர்வில் எழும் வினாக்களையெல்லாம் இதனையே உரைகல்லாகக் கொண்டு தீர்க்கலாம்.

நிற்க. இக்கருவிகள் வந்த வழியைச் சிறிது காண்போம். 1993இல் அமெரிக்காவில் தோன்றிய சீபெல் நிறுவனம் பெரிய கம்பெனிகளுக்கென இத்தகைய மென்பொருளைச் செய்து விற்றது. அதனை அமைக்கத் தனிக் கணினிகளும் வல்லுநரும் வேண்டியிருந்தமையின், சிறு வணிகர்க்கு அஃது எட்டாக்கனியாயிற்று. 1999இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், மென்பொருளை இணையத்தின் வாயிலாக வாடகைக்கு விடும் முறையைப் பரப்பிற்று. 1996இல் தோன்றிய, இன்று ஜோஹோ எனப்படும் சென்னை நிறுவனம், 2005இல் தன் சி.ஆர்.எம். மென்பொருளை வெளியிட்டது. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் இத்துறையில் உள்ளது. நம்மவர் ஆக்கம் உலகெங்கும் வழங்குதல் நமக்குப் பெருமையே. ஆயினும் ஊர்ப்பற்று ஒன்றினாலே கருவியைத் தேர்தல் வணிகமாகாது. எதனையும் சோதித்தே கொள்ளவேண்டும். அச்சோதனைகள் ஐந்து.

முதலாவது, தேவையை அளந்தறிதல். எந்த மென்பொருளையும் பார்ப்பதற்கு முன், இரண்டு வாரம் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில், கடைக்கு வந்த ஒவ்வொரு விசாரணையையும் ஒரு வரியாக எழுதுங்கள். எத்தனை பேர் கேட்டனர், எத்தனை பேரை மீண்டும் அழைக்கவேண்டும், அவருள் எத்தனை பேரை அழைத்தோம் என்பன அதனால் விளங்கும். வாடிக்கைக்காரர் நாற்பது ஐம்பதின்மராய், எழுதுபவரும் ஒருவரேயாயின், அந்நோட்டுப் புத்தகமோ எக்செல் அட்டவணையோ சாலும். பணம் செலவிட வேண்டா. இருவர் மூவர் ஒரே வாடிக்கைக்காரரோடு பேசுமிடத்தும், நாள் தவறிய அழைப்புகள் பெருகுமிடத்துமே மென்பொருள் பயன்படும்.

இரண்டாவது, எழுதுபவர்க்கு எளிதாதல். மென்பொருளை முதலாளி வாங்குகின்றார், எழுதுபவரோ ஊழியர். அவர்க்கு அஃது இடர் தருமாயின் இரண்டாம் மாதமே ஏடு வெறுமையாகும். ஒரு விசாரணையைக் கைப்பேசியில் ஒரு நிமிடத்திற்குள் எழுதி முடிக்க இயலுமா? அலைவரிசை கிட்டாத தோட்டத்தில் எழுதினால், பின்னர்த் தானே சேர்ந்துகொள்ளுமா? தமிழில் எழுதவும், தமிழில் தேடவும் இயலுமா? இவற்றைக் கேளுங்கள். சண்முகம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதுவராதலின், ஒரே மனிதர் ஏட்டில் மூவராகி விடுகின்றார். ஒரே ஊரில் முருகேசன் நால்வர் இருப்பர். ஆதலின், கைப்பேசி எண்ணையும் ஊரையும் பெயரோடு சேர்த்து எழுதும் வழக்கத்தை முதல் நாளே வகுத்துவிடல் வேண்டும். நிரப்பவேண்டிய கட்டங்கள் எட்டுக்கு மேற்படாதிருத்தல் நன்று. மிகுதியாகக் கேட்டால் ஊழியர் பொய்யாக நிரப்பத் தலைப்படுவர்.

மூன்றாவது, முழுச் செலவையும் கணித்தல். இவற்றிற் பலவற்றின் வாடகை, பயன்படுத்தும் ஆள் ஒவ்வொருவர்க்கும் மாதம் இவ்வளவென்று விதிக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, ஆளொன்றுக்கு மாதம் ரூ. 800 என்று கொள்வோம். ஐவர்க்கு மாதம் ரூ. 4,000, ஆண்டுக்கு ரூ. 48,000, மூன்றாண்டுக்கு ரூ. 1,44,000. இதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு விழுக்காட்டு ஜி.எஸ்.டி. வரி ரூ. 25,920, ஆகத் தொகை ரூ. 1,69,920. முறையான பதிவு பெற்றவர் அவ்வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்க்கு அவ்வுரிமை இல்லை. இலவசம் என்று தொடங்குவனவும் உள. அவ்விலவசம் எத்தனை ஆளோடும் எத்தனை பெயரோடும் முடிகின்றது, அவ்வெல்லையைக் கடந்த நாளில் வாடகை என்ன ஆகும் என்பவற்றை முன்னரே வினவுதல் அறிவுடைமை.

நான்காவது, வெளியேறும் வழி. இதனைப் பலர் கேட்பதில்லை. வாடகை வீட்டிலிருந்து நம் பண்டங்களை எடுத்துச் செல்வதுபோல, நாம் எழுதியவற்றையெல்லாம் எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக எடுத்துக்கொள்ள இயலவேண்டும். பெயரும் எண்ணும் மட்டும் வந்தாற் போதாது. பேச்சுக் குறிப்புகளும், அனுப்பிய விலைக்குறிப்புகளும் உடன் வருகின்றனவா என்று நோக்குக. 2004இல் தொடங்கிய சுகர் சி.ஆர்.எம்., நிரலைத் திறந்து வைத்து இலவசப் பதிப்பும் வழங்கிற்று. 2014இல், இனிப் புதிய இலவசப் பதிப்பு வெளிவாராது என்று அறிவித்தது. 2013இலேயே வேறொரு குழுவினர் அந்நிரலைக் கொண்டு சூட் சி.ஆர்.எம். என்பதனை வெளியிட்டிருந்தமையின், பயன்படுத்தியோர்க்குச் செல்ல ஒரு வழி இருந்தது. எந்நிறுவனமும் தன் முறையை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

ஐந்தாவது, சாவியும் பொறுப்பும். கணக்கைத் திறக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் கடையின் பெயரில் இருக்கவேண்டும். ஊழியரின் சொந்த முகவரியில் தொடங்குவது பூட்டை வாங்கிச் சாவியைப் பிறரிடம் தருவதை ஒக்கும். பட்டியல் முழுவதையும் தரவிறக்கும் உரிமை யாருக்கு, தம் வாடிக்கையை மட்டும் காணும் உரிமை யாருக்கு என்று பிரித்தமைக்க மென்பொருள் இடந்தரவேண்டும். ஊழியர் விலகும் நாளில் அவர் நுழைவை உடனே நிறுத்தவும் இயலவேண்டும். சட்டமும் இங்கே உண்டு. எண்முறைத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 2023இல் இயற்றப்பெற்று, அதன் விதிகள் 2025 நவம்பரில், படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு, வெளியிடப்பெற்றன. ஒருவர் தந்த விவரத்தை, அவர் இசைந்த நோக்கத்திற்கே பயன்படுத்தவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. விளம்பரக் குறுஞ்செய்திக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு வேண்டும்.

சட்டத்தினும் மேலானது வாடிக்கைக்காரரின் நம்பிக்கை. அவர் சாதி, நோய், குடும்ப வழக்கு ஆகியவற்றை ஏட்டில் எழுதற்க. ‘வீண் பேச்சுக்காரர்’, ‘கடனைத் தாரார்’ என்று இகழ்ந்தும் எழுதற்க. தவணை தவறிற்றெனில் நாளையும் தொகையையும் மட்டும் குறித்தால் அமையும். அவரே நேரில் வந்து தம் பக்கத்தைக் காட்டச் சொன்னால், நாணாது காட்டத்தக்கவாறு எழுதுதலே முறை.

இனித் தேரும் வகையைக் கூறி முடிப்பேன். பத்து மென்பொருள்களைப் பார்த்து மயங்க வேண்டா, இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக் காலத்தை இலவசமாகத் தருவன பல. விற்க வருபவர் காட்டும் அழகிய மாதிரிப் பெயர்களை விடுத்து, உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய முப்பது உண்மை விசாரணைகளை அதில் ஏற்றுங்கள். ஏற்றுபவர் கடையில் கணினிப் பழக்கம் மிகக் குறைந்தவராக இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து முதலாளி கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: இன்று யாரை அழைக்கவேண்டும்? இவருக்கு நாம் சொன்ன விலை என்ன? இவை அனைத்தையும் ஒரு கோப்பாக என் கையில் தரமுடியுமா? இம்மூன்றுக்கும் ஐந்து நிமிடத்தில் விடை தருவதே உங்களுக்குரிய மென்பொருள். அதன்பின் முதலாளியும் நாள்தோறும் அதில் எழுதவேண்டும். அவர் எழுதாத ஏட்டில் ஊழியர் நெடுநாள் எழுதார். மாதம் ஒருமுறை முழு ஏட்டையும் தரவிறக்கிக் கடைக்குரிய வேறோர் இடத்தில் காத்து வைத்தலும் கடமை.

இளைஞர்களே! தந்தையார் நெஞ்சில் நாற்பதாண்டு வாடிக்கை எழுதப்பட்டிருக்கின்றது. எந்த உழவர் கிணறு எத்தனை அடி, எவர் வீட்டில் எந்த மோட்டார் என்பதெல்லாம் அவர் அறிவார். அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் இப்போது உண்டு, என்றும் இராது. மென்பொருளை அடுத்த மாதம் தேர்ந்துகொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தை நாளைக் காலையே தொடங்குங்கள்.