வேலை முடிந்தது, சாவி எங்கே?

(கற்போர் மையம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று ஒரு சாவியைப் பற்றிப் பேசப்போகிறேன். இது இரும்புச் சாவி அல்ல. கணினிக்குள் இருக்கும் சாவி.

வீட்டில் ஓடு மாற்ற ஓர் ஆளைக் கூப்பிடுகிறோம். நாம் வேலைக்குப் போகவேண்டும். அதனால் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுக்கிறோம். மாலையில் வேலை முடிகிறது. கூலி கொடுக்கிறோம். பிறகு என்ன செய்வோம்? சாவியைத் திரும்ப வாங்குவோம். அவர் நல்லவர்தான். ஆனாலும் நம் வீட்டுச் சாவி நம்மிடம்தான் இருக்கவேண்டும்.

கணினியில் இதை மறந்துவிடுகிறோம். நம் மையத்திலும் மறந்தோம்.

மகளிர் குழுவின் வரவு செலவை அச்சிட வேண்டியிருந்தது. பிரிண்டர் வேலை செய்யவில்லை. விற்ற கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் வெளியூரில் இருந்தார். “நேரில் வரவேண்டாம். நான் சொல்லும் புரோகிராமை இறக்குங்கள். அதில் ஓர் எண் தெரியும். அதைச் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். உடனே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவர் அங்கே உட்கார்ந்து இங்கே வேலை செய்தார். அரை மணியில் பிரிண்டர் ஓடியது. நன்றி சொல்லி போனை வைத்தேன்.

பத்து நாள் கழிந்தது. நம் மையத்தில் படிக்கும் பெரியம்மா ஒருவர் கணினி முன் உட்கார்ந்தார். இந்த ஆண்டுதான் எழுத்துக் கூட்டப் பழகியவர். கண்ணில் படும் எழுத்தை எல்லாம் படித்துப் பார்ப்பார். திரையின் ஓரத்தில், கடிகாரத்தின் பக்கத்தில், ஒரு சின்னப் படம் இருந்தது. அதன்மேல் அம்புக்குறியை வைத்தார். ஒரு பெயர் வந்தது. எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“தம்பி, இது அன்றைக்கு அந்த ஆள் வந்த வழிதானே? அவர்தான் போய்விட்டாரே. வழி ஏன் இன்னும் திறந்திருக்கிறது?” என்று கேட்டார்.

எனக்குத் திடுக்கென்றது. உள்ளே திறந்து பார்த்தேன். நிரந்தரக் கடவுச்சொல் ஒன்று போடப்பட்டிருந்தது. அது இருந்தால், நாம் அனுமதி தராமலே அவர் உள்ளே வரலாம். கடைக்காரரைக் கேட்டேன். “அடுத்த தடவை சுலபமாக இருக்குமே என்று போட்டேன்” என்றார். அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் குழுவின் வங்கிக் கணக்கையும் நாம் இதே கணினியில்தான் பார்க்கிறோம். அந்தக் கடவுச்சொல் வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால்? நாற்பது பெண்களின் சேமிப்பு என்ன ஆகியிருக்கும்?

பல ஆண்டுகளாகப் படித்தவன் நான். என் கண்ணில் அது படவில்லை. பெரியம்மாவின் கண்ணில் பட்டது.

இப்படித் தூரத்திலிருந்து கணினியை இயக்கும் புரோகிராம்கள் பல உண்டு. டீம்வியூவர், எனிடெஸ்க் என்பவை பலரும் அறிந்தவை. இரண்டும் ஜெர்மனியில் உருவானவை. இவை கெட்டவை அல்ல. கத்தி காய் நறுக்கவும் உதவும், காயப்படுத்தவும் உதவும் அல்லவா? ஏமாற்றுக்காரர்களும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். “வங்கியிலிருந்து பேசுகிறோம், இதை இறக்குங்கள்” என்பார்கள். 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது.

சரி, சாவியைத் திரும்ப வாங்குவது எப்படி?

நான் முதலில் ஒரு தவறு செய்தேன். திரையில் இருந்த படத்தை மட்டும் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாள் கணினியைப் போட்டால், கடிகாரத்தின் பக்கத்தில் அதே சின்னம்! திரையில் இருக்கும் படம் வெறும் பெயர்ப்பலகை. பலகையைக் கழற்றினால் கடை காலியாகிவிடுமா? ஆகாது.

ஆகவே வரிசையாகச் செய்யவேண்டும்.

முதலாவது, கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள சின்னத்தின் மேல் வலது பொத்தானை அழுத்துங்கள். வெளியேறும் கட்டளையைத் தேர்ந்து புரோகிராமை நிறுத்துங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போங்கள். அதில் ஆப்ஸ் என்ற இடத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கும். அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, அன்இன்ஸ்டால் என்பதை அழுத்துங்கள். அமைப்புகளையும் நீக்கவா என்று கேட்டால், ஆம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். முதலில் இறக்கிய கோப்பு அங்கே கிடக்கும். சில புரோகிராம்கள் அந்தக் கோப்பிலிருந்து நேராகவே ஓடும். ஆப்ஸ் பட்டியலில் அவற்றின் பெயரே இருக்காது. ஆகவே அந்தக் கோப்பையும் அழியுங்கள்.

நான்காவது, மிச்சம் மீதியைத் தேடுங்கள். விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் ஆர் என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி வரும். ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் எழுதி, முன்னும் பின்னும் சதவீதக் குறி போடுங்கள். திறக்கும் இடத்தில் அந்தப் புரோகிராமின் பெயரில் ஃபோல்டர் இருந்தால் அழியுங்கள். புரோகிராம்டேட்டா என்று எழுதியும் இப்படியே பாருங்கள். பெயர் தெரியாத எதையும் தொடவேண்டாம்.

ஐந்தாவது, கணினியை நிறுத்தி மறுபடி போடுங்கள். சின்னம் வருகிறதா என்று பாருங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். கடைசியாக, வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

கைபேசியிலும் இதே கதைதான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைப் பாருங்கள். சிலவற்றுக்குத் துணைச் செயலி ஒன்று தனியாக இருக்கும். அதையும் நீக்குங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பணம் போய்விட்டது என்றால் அவசரப்பட்டு எதையும் அழிக்கவேண்டாம். யார், எப்போது உள்ளே வந்தார் என்ற குறிப்பு அந்தப் புரோகிராமின் ஃபோல்டர்களில் இருக்கலாம். அதுவே சாட்சி. முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். வங்கிக்கும் சொல்லுங்கள். வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். நேரம்தான் முக்கியம். வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால் திருடனுக்குத்தான் லாபம்.

நண்பர்களே! இப்போது நம் மையத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். யாராவது தூரத்திலிருந்து பழுது பார்த்தால், அதில் தேதியும் புரோகிராமின் பெயரும் எழுதுகிறோம். எல்லாவற்றையும் நீக்கிய பிறகு, ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது.

கைநாட்டு வைத்த கை அது. இன்று நம் கணினிக்குக் காவல் நிற்கிறது.

வீட்டுக்குப் போனதும் உங்கள் கணினியை, கைபேசியை ஒரு முறை பாருங்கள். வேலை முடிந்துவிட்டது. சாவி யாரிடம் இருக்கிறது?